லாபம், ரெண்டு, மூணு

என் மகளுக்கு ஐந்து வயது நிறையும் முன்பே அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். படிப்பு ஆசையைவிட அவசரம்தான் காரணம். குமாரபாளையம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்த என் நாத்தனார் மாசமாக இருந்தாள். பிள்ளை பிறந்ததும் தொட்டில் ஆட்ட ஆள் வேண்டும், தம்பி மகளை அனுப்பிவையுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். என் வீட்டுக்காரர் மாட்டேன் என்று சொல்லவில்லை. "பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டா இங்கயே இருக்கட்டும். இல்லீனா அக்கா ஊட்டுக்குப் போயிட்டு வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் காட்டுக்குப் போய்விட்டார். போய்விட்டு வருவதாவது. அப்படிப் போன பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்குத் தொட்டிலாட்டப் போய், வரிசையாக நாலு பிள்ளைகளுக்கும் ஆட்டி முடித்து, கல்யாணத்துக்குத்தான் ஊர் திரும்புவார்கள்.

மறியல், ஊர்வலம் என்று பட்டணத்துப் பேச்சு எங்கள் மோகனூர்ப் பக்கத்துக் காட்டு ஊருக்குக்கூட வந்து சேர்ந்திருந்த காலம் அது. பள்ளிக்கூடம் என்று ஒரு ஓலைக் கொட்டகை, ஒரே வாத்தியார். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆனி மாதம் மகளைக் கூட்டிப் போனேன். வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொன்னார். அவளும் தலையைச் சாய்த்து, தோளைத் தூக்கி, நாக்கைத் துருத்தி என்னென்னவோ செய்தாள். எட்டவில்லை.

"வயசு பத்தாதும்மா. விஜயதசமிக்கு வரட்டும். அ முதல் ஔ வரைக்கும் எழுதி, இருபது வரைக்கும் எண்ணிக் காட்டினா சேத்துக்கிறேன். இல்லேன்னா அடுத்த வருஷந்தான்" என்றார். தினமும் சிலேட்டு நிறைய ஒரே எழுத்தை எழுதி எழுதி அழிக்கவேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அந்தச் சிலேட்டை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நான் நாலாவது வரை படித்தவள், சொல்லிக்கொடுத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முதல் வரியில் அ மாதிரி ஒன்று வரும். இரண்டாம் வரியில் அதற்கு வால் முளைக்கும். மூன்றாம் வரிக்குள் கண்ணில் தண்ணீர் நிற்கும், குச்சியில் பாதி வாய்க்குள் போயிருக்கும். அடித்தும் பார்த்தேன். அடித்தால் சிலேட்டைக் கண்டதும் ஓடி மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டாள். சோறாக்குவதா, தண்ணீர் சேந்துவதா, இவளைத் தேடிக்கொண்டு திரிவதா? ஒரு மாதம் போனதுதான் மிச்சம். போதும் சனியன் என்று சிலேட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டேன்.

பிறகு எனக்குத் தோன்றியதையெல்லாம் செய்தேன். முறத்தில் ஆற்றுமணலைப் பரப்பி விரலால் எழுதச் சொன்னேன். தாம்புக்கயிற்றை வாசலில் அ மாதிரி வளைத்துப் போட்டு, அதன்மேல் அடிவைத்து நடக்கச் சொன்னேன். ராகி மாவைப் பிசைந்து உருட்டி எழுத்துச் செய்தோம். இ, ஈ இரண்டையும் பச்சை மாவாகவே தின்றுவிட்டு வயிற்றுவலி என்று உருண்டாள். துவரையையும் மொச்சையையும் கலந்து கொடுத்துப் பிரித்து எண்ணச் சொன்னால், பிரித்ததை மறுபடி கொட்டிக் கலக்கி, "கொழம்பு கொதிக்குது, தொடாதீங்க" என்பாள். எழுத்துக்கு ஒரு சொல் சொல்லலாம் என்று பார்த்தால் அதுவும் வம்பு. ஊ என்றால் ஊஞ்சல் என்பேன். அவள் ஊடு என்பாள். ஊடு இல்லை சாமி, வீடு என்றால், "அப்பா ஊடுன்னுதானுங்க சொல்றாரு" என்று என்னையே மடக்குவாள். ஆனாலும் அழவில்லை. கூப்பிட்டால் வந்தாள். ஆவணிக்குள் எழுத்துகள் பன்னிரண்டும் மணலில் தப்பில்லாமல் விழுந்தன.

எண்ணிக்கைதான் பாக்கி. புரட்டாசியில் ராகி அடித்துக் களத்தில் தானியப் பொலியை அம்பாரமாகக் குவித்திருந்தார்கள். வீட்டுக்காரர் வள்ளத்தால் அளந்து மூட்டை பிடிக்கும்போது மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "ஏனுங்க, சத்தமா எண்ணுங்க, அவளும் கூடச் சொல்லட்டும்" என்றேன். முணுமுணுத்தார். ஆனால் செய்தார். இரண்டு பேர் குரலும் வீடு வரைக்கும் கேட்டது. அப்பாடா, வேலை முடிந்தது என்று அடுப்பைப் பார்க்கப் போனேன்.

விஜயதசமியன்று மூவரும் போனோம். வாத்தியார் சிலேட்டை நீட்டினார். அவள் அதைத் தொடாமல் தரையில் குந்தி மண்ணில் எழுதினாள். அவர் முகம் சுளித்தார். ஆனால் எழுத்தில் குற்றம் சொல்ல முடியவில்லை. புளியங்கொட்டையைக் குவித்து எண்ணச் சொன்னார்.

"லாபம், ரெண்டு, மூணு..."

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. களத்தில் தானியம் அளக்கிறவர் யார் ஒன்று என்று தொடங்குகிறார்கள்? முதல் வள்ளம் லாபம், அதற்குப் பிறகுதான் ரெண்டு. பிறந்ததிலிருந்து கேட்டுக் கேட்டு, அது என் காதில் உறைக்கவே இல்லை.

"லாபம் இல்லே. ஒண்ணு. சொல்லு" என்றார் வாத்தியார்.

"ஒண்ணுன்னு சொல்லக் கூடாதுங்க. பொலி கொறஞ்சு போயிருமுங்க. அப்பா சொன்னாரு."

"ஒண்ணே தெரியாத பிள்ளையை நான் எங்கே சேர்க்கிறது?"

"சொல்லு சாமி" என்று நான் கெஞ்சினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை, அப்பாவையே பார்த்தாள். அவரோ துண்டைக் கையில் முறுக்கிக்கொண்டு கூரையைப் பார்த்தபடி நின்றார். வீட்டில் அளக்கும்போது நாக்குத் தவறிக்கூட அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. அன்று வராமல் இருந்தால் அவர் அக்காளுக்கும் சௌகரியம். பேசாமல் நின்றாலே போதும், எல்லாம் அவர்கள் நினைத்தபடி நடந்துவிடும். மூன்று மாதப் பாடு ஒரு மனுஷனின் வாயில் போய் மாட்டிக்கொண்டதே என்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வாத்தியார் கொட்டைகளை வாரத் தொடங்கினார்.

வீட்டுக்காரர் சட்டென்று அவள் பக்கத்தில் குந்தினார். ஒரு கொட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஒண்ணு" என்றார். "சொல்லு சாமி. அப்பாவே சொல்லிட்டேன், இனி ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணு" என்றாள் அவள், பயந்து பயந்து. பிறகு இருபது வரை நிற்கவில்லை. வாத்தியார் பெயரெழுத உள்ளே போனார்.

திரும்பும்போது வீட்டுக்காரர் முன்னால் நடந்தார். வண்டிப்பாதை திரும்பும் இடத்தில், தலையைத் திருப்பாமலே பேசினார்.

"அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், வேற ஆளப் பாக்கச் சொல்லி. அடுத்த வெள்ளாமையில ராகி கொறஞ்சா உன்னையத்தான் கேப்பேன்."

"கொறஞ்சாக் கொறையட்டுமுங்க" என்றேன். ஆனியிலிருந்து அன்றுவரை அவரிடம் எரிச்சலில்லாமல் நான் பேசியது அது ஒன்றுதான்.