அலமாரிப் பூட்டுக்குள் இருந்த வண்டல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சித்திரை வெயில் மண்டையைப் பிளந்த ஒரு காலை நேரம். வண்ணார்பேட்டையில் கடைகளைத் தாண்டி ஆற்றைப் பார்த்து இறங்குகிற தெருவில்தான் எங்கள் வீடு. அன்றைக்கு வீட்டு வாசலில் நின்று நான் ஒரு பொய் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், சில்லறைப் பொய்கள் எத்தனையோ சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்தப் பொய்யை மட்டும் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அவருக்கு நுரையீரல் கெட்டுப்போய் ரொம்ப நாளாகிறது. ஆக்சிஜன் மிஷின் ஓடினால்தான் மூச்சு, மிஷின் ஓட கரண்ட் வேண்டும். முந்தின பெரிய வெள்ளத்தில், தெருமுனையில் தரையோடு தரையாக இருந்த கரண்ட் பெட்டி எடுத்த எடுப்பிலேயே முங்கிவிட்டது. மிஷின் நின்றது. தெருக்காரர்கள் நாலு பேர் அவரை நாற்காலியோடு தலைக்கு மேல் தூக்கி, நெஞ்சளவுத் தண்ணீரில் நடந்து, மேட்டுக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவர் பிழைப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

அதற்கப்புறம் இந்த வீட்டில் இருக்க மனசு ஒப்பவில்லை. விற்றுவிட்டு மேடான இடமாகப் பார்த்துப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது, வெள்ளம் சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோடும் மறைந்துவிட்டது. நாங்கள் மட்டும் இல்லை, தெருவே அப்படித்தான். பொங்கலுக்கு அழுக்குச் சுவரோடு யார் இருப்பார்கள்? விற்கிறவர்களுக்கும் வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் அது ரொம்ப வசதியாகப் போயிற்று.

நான் சொன்ன அந்தக் காலையில் வீடு பார்க்க ஒரு அண்ணாச்சி வந்திருந்தார். திசையன்விளையில் பலசரக்குக் கடை, மகளுக்காக வீடு தேடினார். எங்கள் வீடு பிடித்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா கார்ப்பரேஷனிலிருந்து அந்த ஓவர்சியர் பெண்பிள்ளை வரவேண்டும்? வெள்ளத்தைத் தாங்குகிற மாதிரி தெருவை உயர்த்தி, தெருத் தண்ணீர் ஓடுகிற வாறுகாலை அகலப்படுத்தி, கரண்ட் பெட்டியை மேலே ஏற்றி வைக்கப் போகிறார்களாம். டேப்பும் நோட்டுமாக வந்து, "யக்கா, போன வெள்ளத்துல இங்கன எம்புட்டுத் தண்ணி நின்னுச்சு?" என்று கேட்டாள்.

அண்ணாச்சி காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

"என்ன, ஒரு முழங்கால் இருக்கும். பைய வந்துச்சு, பைய போயிட்டு."

பக்கத்து வீட்டுக்காரியும் மாடியை வாடகைக்கு விடப் பார்த்துக்கொண்டிருந்தவள். அவளும் ஆமா, முழங்கால்தான் என்றாள். எதிர்வீட்டில் கரண்டைக்காலோடு நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பிள்ளை நோட்டை மூடினாள். குடிக்கத் தண்ணீர் மட்டும் கேட்டாள். நான் உள்ளே போக, பின்னாலேயே வந்தாள். சுவர் அலமாரி முன்னால் நின்றாள். மூலையில் கிடந்த, வீடு பெருக்குகிற வாரியலில் ஒரு ஈர்க்கை உருவி, அலமாரியின் சாவித் துவாரத்தில் விட்டு இழுத்தாள். காய்ந்த வண்டல் பொலபொலவென்று அவள் உள்ளங்கையில் கொட்டியது. அந்தப் பூட்டு என் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது.

"எனக்கு ஊரு ஆழ்வார்திருநகரிக்கா. எங்க வீட்லயும் பொங்கலுக்கு வெள்ளையடிச்சாச்சு. அலமாரில சாவி திரும்பாமப் போகவும்தான் ஆத்து வண்டல் உள்ளயே இருக்குன்னு தெரிஞ்சுது" என்று சிரித்தாள். அப்போதுதான் கட்டிலில் மூக்கில் குழாயோடு கிடந்த என் வீட்டுக்காரரைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுவிட்டது. மிஷினைப் பார்த்தாள், அதன் ஒயர் போகிற இடத்தைப் பார்த்தாள். வாசலுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்: "வீடு வாங்க வந்தவருகிட்ட நீங்க என்ன வேணும்னாலும் சொல்லிக்கிடுங்க. பெட்டிய எம்புட்டு ஒசரத்துல வைக்கதுன்னு முடிவு பண்ண எங்கிட்ட மட்டும் நெசத்தைச் சொல்லிருங்கக்கா."

யாருக்காக இந்த வீட்டை விற்க நினைத்தேனோ, அந்த மனுசனின் மூச்சை வைத்தல்லவா பொய் சொல்லியிருக்கிறேன். வாசலுக்கு வந்து, அண்ணாச்சி முன்னாலேயே நெஞ்சில் கையை வைத்து, இம்புட்டு நின்னுச்சு என்று காட்டினேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு, "மககிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்றார். போனவர் போனவர்தான்.

"ஏட்டி, கோட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? எங்க பொழப்பையும்லா சேத்துக் கெடுத்துட்ட" என்று பக்கத்து வீட்டுக்காரி ஏசினாள். அவள் வீட்டு அலமாரியிலும் ஈர்க்கு போனது, அதிலும் வண்டல் வந்தது.

வேலை மாதக்கணக்கில் நடந்தது. தெரு முழுக்கப் புழுதி. வாறுகாலை மூடி நான் கட்டியிருந்த சிமெண்ட் சரிவை உடைத்தபோது, நன்றி எல்லாம் மறந்து அந்தப் பிள்ளையோடு மல்லுக்கு நின்றேன். "வாசலுக்கு உள்ளோடி ரெண்டு படி கட்டித் தாரேன்க்கா, வாறுகால் மேல மட்டும் கேக்காதீங்க" என்று சொல்லி, சொன்னபடி கட்டியும் கொடுத்தாள். கொத்தனார்கள் பிடிக்கிற தண்ணி டியூப்பை வெயிலில் வீடு வீடாகப் பிடித்து மட்டம் பார்த்தாள். வாறுகால் ஆற்றில் விழுகிற இடத்தில் ஒரு இரும்புக் கதவு போட்டார்கள். தெருத் தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு தள்ளினால் மூடிக்கொள்ளும். அது சரியாக மூடுகிறதா என்று சகதிக்குள் தானே இறங்கிப் பார்த்துவிட்டு, தலைமுடியெல்லாம் சேறாக ஏறி வந்தாள். கரண்ட் பெட்டிக்கு ஆள் உயரத்துக்கு ஒரு காங்கிரீட் மேடை. சொடலமாடன் பீடம் கணக்கா இருக்கு, ஆடு எப்போ வெட்டுதாக என்று தெரு ஆட்கள் கேலி பண்ணினார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் அணைகள் நிறைந்து ஆறு மறுபடியும் ஏறியது. மத்தியானம் வரைக்கும் வாறுகால் வழியாக ஒரு சொட்டு தெருவுக்குள் வரவில்லை. அந்த அவகாசத்தில் அவரையும் மிஷினையும் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றிவிட்டோம். அப்புறம் ஆறு கரையைத் தாண்டியே வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர். வேலை இன்னும் நடக்காத அடுத்த தெருவில் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் போகவில்லை. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு மிஷின் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியே பெட்டியைப் பார்த்தாள். பெட்டியின் அடிப்பக்கம்கூட நனையவில்லை. "முழங்காலுக்கு வச்சிருந்தாகன்னா..." என்று ஆரம்பித்தவள், அவரைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

தண்ணீர் வடிந்ததும் அந்தப் பிள்ளைக்குப் போன் போட்டேன். வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தாள். நடந்ததைச் சொல்லி அழுதேன். அவளோ, "இரும்புக் கதவுல சப்பு சவறு எதுவும் சிக்கியிருக்கான்னு ஆள விட்டுப் பாக்கச் சொல்லுங்கக்கா" என்கிறாள்.

வீட்டை விற்கிற யோசனையை விட்டுவிட்டோம். இந்தப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம், நெஞ்சு உயரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு முன்பு அடித்த சுண்ணாம்பைச் சுரண்டி எடுத்துவிட்டு, அதை மட்டும் விட்டு அடிக்கச் சொன்னேன். அடியில் அந்தப் பழைய சேற்றுக் கோடு அப்படியே இருக்கிறது. என் வீட்டுக்காரர் கட்டிலில் படுத்தபடி அதைப் பார்த்து மூச்சு விடுகிறார், எனக்கு அது போதும்.