நாலு விரல் உயரப் பலகை

பொழுதுபோக்குப் பூங்காவில் எல்லோரும் அவளைப் ‘பிடி அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். முன்பு மருத்துவமனையில் நோயாளிகளைக் கைத்தாங்கலாக நடக்க வைத்துக்கொண்டிருந்தவள். பூங்காவில் வி.ஆர். கூடம் திறந்தபோது, விழுகிறவர்களைப் பிடிக்க ஆள் தேடிய மேலாளர் அவளைக் கையோடு கூட்டி வந்துவிட்டார்.

தரைவிரிப்பின்மேல் நாலு விரல் உயரத்தில் ஒரு மரப்பலகை. அந்த அறையில் இருந்த மொத்தச் சாகசமும் அதுதான். வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால் போதும், அதே பலகை நாற்பதாவது மாடியிலிருந்து வெட்டவெளியில் நீட்டிக்கொண்டிருக்கும். எட்டடி நடந்து, முனையில் உள்ள மணியைத் தொட்டுவிட்டுத் திரும்ப வேண்டும். முறுக்கு மீசைக்காரர்களெல்லாம் தவழ்ந்து போயிருக்கிறார்கள். ஒரு போலீஸ்காரர் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிய பிறகும் விடவில்லை.

அவள் கணவன் அடுக்குமாடிக் கட்டிடங்களின் வெளிச்சுவரில் தொங்கிக்கொண்டு பெயிண்ட் அடிப்பவன். சாயங்காலம் அவள் கை வலி என்று உட்கார்ந்தால், “ஏசி ரூம்ல நிக்கிறதுக்குக் கை வலியா?” என்பான். நாளெல்லாம் அந்தரத்தில் தொங்கிவிட்டு வருகிறவனிடம் என்ன வாதாடுவது?

ஊழியர் குடும்பங்களுக்கு அனுமதி இலவசம் என்று ஒரு நாள் அறிவித்தார்கள். மகளையும் கூட்டிக்கொண்டு அவன் வந்தான். மகள் பலகையில் ஓடிப்போய் மணியைத் தொட்டுவிட்டு ஓடி வந்தாள். அடுத்து அவன்.

“பிடிக்கல்லாம் வேணாம், தள்ளி நில்லு,” என்று மனைவியிடம் சொல்லிவிட்டு ஏறினான்.

இரண்டு அடி வைத்தான். மூன்றாவது அடிக்குத் தூக்கிய காலை அப்படியே திரும்ப வைத்துக்கொண்டு கல்லாய் நின்றுவிட்டான்.

“என்னங்க, நடங்க.”

அவன் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரித்துக்கொண்டான்.

“கண்ணாடியைக் கழட்டிடட்டுமா?”

“தொடாதே. தொட்டா விழுந்துடுவேன்.”

“கீழ கம்பளம்தாங்க இருக்கு.”

“அது உனக்கு.”

“அப்பா, எல்லாம் பொய்ப்பா,” என்றாள் மகள்.

“பொய்னு எனக்கும் தெரியும்மா. காலுக்குத் தெரியலையே.”

வாசலில் வரிசை நீண்டது. மேலாளர் எட்டிப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. ஆனால் அவன் கழுத்தில் வியர்வை வழிவதைக் கண்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது.

“வேலையில இதே உயரத்துலதானே தொங்குறீங்க?”

“அங்க இடுப்புல கயிறு இருக்கு. இங்க என்ன இருக்கு?”

நியாயமான கேள்விதான். அவள் வெளியே போய், வரிசைக்காகக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து வந்து அவன் இடுப்பில் கட்டினாள்.

அவன் முடிச்சைத் தடவிப் பார்த்தான். “ரெண்டு முடிச்சா?”

“ரெண்டு.”

“அந்த முனை எதுல கட்டியிருக்கு?”

“என் இடுப்புல.”

கயிற்றை ஒரு முறை சுண்டிப் பார்த்தான். “அப்ப சரி.”

விறுவிறுவென்று நடந்து மணியைத் தொட்டான். திரும்பி வருவான் என்று பார்த்தால், முனையிலேயே நின்று கழுத்தை நீட்டினான். “எதிர்க் கட்டிடத்துக்குப் பெயிண்ட் அடிச்சவன் ஒரே ஒரு பூச்சோட ஏமாத்திட்டுப் போயிருக்கான், பாரு.”

“வந்து சேருங்க, ஆளுங்க நிக்கிறாங்க.”

அன்றோடு ஏசி ரூம் பேச்சு நின்றது. அதோடு விட்டானா? வேலை செய்யும் இடமெல்லாம், “என் வீட்டுக்காரி பாக்குற வேலையை நம்மால பாக்க முடியாது” என்று சொல்லித் திரிந்தான். அதையும் பார்த்துவிடுவோம் என்று அடுத்த வாரம் ஏழு பெயிண்டர்கள் டிக்கெட் வாங்கி வந்து நின்றார்கள். ஐந்து பேர் தவழ்ந்தார்கள். மீதி இரண்டு பேர் பலகையைப் பார்த்ததுமே பசிக்கிறது என்று கிளம்பிவிட்டார்கள்.