கூண்டை இழுக்காத மோட்டார்

எதைப் பார்த்தாலும் விரலால் ஆட்டிப் பார்ப்பது அதாவுல்லாவின் வழக்கம். டீக்கடை பெஞ்சு, பஸ் சீட்டு, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பந்தலின் கால் என்று எதையும் விடமாட்டார். ஓசூரில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில், இன்ஸ்பெக்‌ஷன் பிரிவில் இருந்த காலத்தில் கைக்கு வந்த பழக்கம் அது. பொருத்திய இடத்தில் மயிரிழை ஆட்டம் தெரிந்தாலும் உருப்படி சிவப்பு டப்பாவுக்குப் போய்விடும். ஷிப்டு முழுக்க அதுதான் வேலை.

"ஊர்ல எல்லாரும் பொருள் செஞ்சு சம்பளம் வாங்குவாங்க. எங்க வீட்டுக்காரரு குறை சொல்லியே சம்பளம் வாங்குனாரு" என்று அவர் மனைவி ரஹமத் பீவி சொல்லிச் சிரிப்பார்.

கம்பெனியில் ஆள் குறைத்தபோது அந்தக் குறை சொல்லும் வேலையும் போயிற்று. கையில் வந்ததை வைத்து, அணைத் தண்ணீரில் கூண்டு போட்டு ஜிலேபி மீன் வளர்க்க ஆரம்பித்தார். நீல டிரம்கள் மேல் மிதக்கும் இரும்புச் சட்டம், அதிலிருந்து தொங்கும் வலை, வலைக்குள் மீன். அவ்வளவுதான் தொழில். அதிலும் ஒரு வினை இருந்தது. மேலே கர்நாடகப் பக்கம் மழை பெய்தால் ஆறு சாக்கடையையும் சாயக்கழிவையும் அள்ளிக்கொண்டு வரும். அணையில் வெள்ளை வெள்ளையாக நுரை கட்டும். போன வருஷம் அந்த நுரையில்தான் கூண்டு மீன் மொத்தமும் வயிறு மேலாக மிதந்தது. அள்ளிக் குழியில் போட்டு மூடினார்கள்.

இந்த வருஷ மீன் இன்னும் விற்கும் அளவுக்கு வளரவில்லை. இதுவும் செத்தால் கூண்டைப் பிரித்து இரும்புக் கடையில் போட்டுவிட்டு, பெங்களூரில் ஏதாவது அபார்ட்மெண்டில் வாட்ச்மேனாக உட்கார வேண்டியதுதான் என்று அதாவுல்லா மனதுக்குள் முடிவு செய்திருந்தார். மனைவியிடம் சொல்லவில்லை.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. அணையின் கிழக்கு மூலையில் மலை ஓடை ஒன்று வந்து சேர்கிறது. நுரை எவ்வளவு வந்தாலும் அந்த மூலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். நுரை வருவதற்குள் கூண்டை அங்கே இழுத்துப் போய்க் கட்டிவிட வேண்டும். துடுப்பு போட்டு ஆகிற வேலை இல்லை. அதற்காகத்தான் பழவேற்காட்டுப் பக்கம் போய், கடலில் ஓடிக் களைத்த பழைய சின்ன படகு மோட்டார் ஒன்றை வாங்கி வந்திருந்தார்.

வெறும் படகை அது இழுத்தது. கூண்டைக் கட்டியதும் மக்கர் செய்தது.

முதலில் பார்த்தவர் பைக் மெக்கானிக் பூபதி. ஓசூர் சுற்றுவட்டாரத்தில் படகு மோட்டாருக்கு மெக்கானிக் ஏது? பூபதி பிளக்கைக் கழற்றித் தேய்த்தார். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். டேங்கில் இருந்த பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதுசில் ஆயில் கலந்து ஊற்றினார். தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மோட்டாரை மாட்டிக் கயிற்றை இழுத்தால் சிங்கம் மாதிரி கத்தியது.

"இதுக்கென்ன பாய் குறை? ரேஸ் வண்டி மாதிரி இருக்குது."

"டிரம்முல எது வேணா ஓடும் பூபதி. கூண்டைக் கட்டிப் பாரு."

கட்டிப் பார்த்தார்கள். ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருகச் சத்தம் ஏறியது. படகு மட்டும் நின்ற இடத்தில் நின்று மூக்கை ஆட்டியது.

பூபதி தலையைச் சொறிந்தார். "கிளட்ச் தேஞ்ச வண்டி மேடு ஏறுற மாதிரி இருக்குது பாய். இன்ஜின் ஓடுது, சக்தி கீழ போய்ச் சேரல. ஆனா இதுல கிளட்ச் பிளேட்டே கெடையாதே! என் படிப்பு அவ்வளவுதான். ஆளை விடுங்க."

அன்று மத்தியானம் வெங்கடப்பனிடமிருந்து போன் வந்தது. எல்லையோரத்தில் ஆற்றங்கரையில் கொத்தமல்லி போடும் விவசாயி அவர். ஆறு கெட்டால் முதலில் அவருக்குத்தான் தெரியும். அவசரம் வந்தால் அவர் வாயில் கன்னடம் முந்திக்கொள்ளும்.

"பாய், ராத்திரி இங்க ஜாஸ்தி மழெ. ஆத்துல நொரெ ஆள் உசரம் நிக்குது. நாளெக்கு மத்தியானம் உங்க கிட்ட வந்துடும். மீனை பேக பேக எடுத்துடு, கேட்டுச்சா? பேக, சீக்கிரம்!"

கேட்டது. அதாவுல்லா உடனே தௌசிப்பைக் கூப்பிட்டார். பழைய கம்பெனியில் டூல் ரூமில் இருக்கும் பையன். பையன் என்றாலும் இரண்டு குழந்தைக்குத் தகப்பன். ஷிப்டு முடிந்த கையோடு யூனிபாரத்திலேயே பைக்கில் வந்து இறங்கினான்.

தௌசிப் மோட்டாரைத் தொடவே இல்லை. கொஞ்ச நேரம் குந்தி உட்கார்ந்து பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பெயிண்ட் மார்க்கரை எடுத்து, கீழே தண்ணீரைத் தள்ளும் ஃபேனின் நடுக்குமிழிலிருந்து இறக்கை வரைக்கும் ஒரே கோடாக இழுத்தான். கம்பெனியில் முறுக்கிய போல்ட்டு நழுவியதா என்று பார்க்க எல்லாப் போல்ட்டிலும் போடுகிற கோடு அது.

"இப்ப கூண்டைக் கட்டி ஓட்டுங்கண்ணே."

ஓட்டிவிட்டு மோட்டாரைத் தூக்கினார்கள். கோடு இரண்டாக உடைந்திருந்தது. குமிழில் ஒரு துண்டு இங்கே, இறக்கையில் ஒரு துண்டு அங்கே.

"மாட்டிக்கிச்சு!" என்று தொடையில் தட்டினான் தௌசிப். "உள்ள தண்டுக்கும் ஃபேனுக்கும் நடுவுல ரப்பர் புஷ் இருக்குதுண்ணே. கிழடாகி வழுக்குது. தண்டு சுத்துது, பாரம் ஏறினா ஃபேன் கூடச் சுத்தல."

அதாவுல்லாவுக்கு மனசு குளிர்ந்தது. நோய் தெரிந்துவிட்டால் பாதி பிழைத்த மாதிரிதானே. மோட்டாரை விற்ற பழவேற்காட்டுக் கடைக்காரருக்குப் போன் போட்டார். புஷ் இருக்கிறது, பஸ் பார்சலில் போட்டால் நாளை மறுநாள் கிடைக்கும் என்றார் அவர்.

"நாளான்னிக்கு வந்து அதை வெச்சு செத்த மீனுக்குப் பாத்தியா ஓதுறது?" என்றார் ரஹமத் பீவி.

"ரப்பரே வேணாண்ணே" என்றான் தௌசிப். "துளை போட்டு, ஹார்டன் பண்ணின இரும்பு பின் மூணு அடிச்சு, தண்டையும் ஃபேனையும் ஒண்ணாக்கிடறேன். அப்புறம் எப்படி வழுக்கும்னு பாக்கலாம்."

"கம்பெனிக்காரன் ஏன்டா ரப்பர் வெச்சான்?"

"அந்தக் காலத்து மோட்டாரு. காசு மிச்சம் பண்ணியிருப்பான்."

அதாவுல்லா யோசித்தார். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ரப்பர் என்பது அவர் வேலை பார்த்த காலத்தில் சிவப்பு டப்பாவுக்குப் போகிற சமாச்சாரம். சரி என்று தலையை ஆட்டினார்.

சிப்காட் பக்கம் தௌசிப்பின் சிநேகிதன் வைத்திருந்த லேத் பட்டறையில் வேலை முடிந்தது. அதாவுல்லா ஃபேனை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். முறுக்கிப் பார்த்தார். கல்லில் அடித்த ஆணி மாதிரி நின்றது. "ஓகே" என்றார். கம்பெனியில் இருந்தவரை அவர் வாயிலிருந்து லேசில் வராத சொல்.

மறுநாள் காலையில் கூண்டைக் கட்டி இழுத்தபோது படகு பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. டிரம்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு பின்னால் வந்தன. தௌசிப் படகிலேயே எழுந்து நின்று விசில் அடித்தான்.

"உக்காருடா, நீ விழுந்தா உன்னையும் சேத்து இழுக்கணும்."

"இழுக்கும்ணே, இப்ப எதையும் இழுக்கும்!"

கரையில் ரஹமத் பீவி கூடவே நடந்து வந்தார். பாதித் தூரம் தாண்டிவிட்டது. கிழக்கு மூலையின் புங்க மரங்கள் தனித்தனியாகத் தெரியத் தொடங்கின.

அந்த இடத்தில், அணை கட்டுவதற்கு முன்னால் யாருடைய தோட்டமோ இருந்தது. தோட்டம் போய்விட்டது, வேலிக்கு நட்ட கல்கம்பங்கள் தண்ணீருக்குள் அப்படியே நிற்கின்றன. கருங்கல்லில் உடைத்த கம்பங்கள். அதாவுல்லாவுக்கு அது தெரியாமல் இல்லை. வெறும் படகில் வரும்போது சுற்றி வளைத்துத்தான் போவார். இன்று பின்னால் கூண்டு. காற்று வேறு பக்கவாட்டில் தள்ளியது. திருப்பினார். படகு திரும்பியது, கூண்டு திரும்பவில்லை. கூண்டு இழுத்த பக்கம் படகும் போனது.

கடக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு மோட்டார் மட்டும் வெறி பிடித்த மாதிரி கத்தியது.

தௌசிப் பதறிப்போய் மோட்டாரைத் தூக்கினான். இறக்கையின் ஓரம் மடங்கியிருந்தது. ஃபேனைப் பிடித்து ஆட்டினான்.

"பின்னு மூணும் அப்படியே இருக்குதுண்ணே. ஆடவே இல்ல."

"ஆடாதுடா" என்றார் அதாவுல்லா. "கைல சுத்திப் பாரு."

தௌசிப் சுற்றினான். உள்ளே பல் உடைந்த கியர் நறநறவென்று அரைத்தது. அந்தச் சத்தத்தை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஃபேன் எதிலாவது மோதினால் ரப்பர் வழுக்கி அடியை வாங்கிக்கொள்ளும், கியருக்குப் போகாது. அதற்காகத்தான் ரப்பர். இப்போது புரிந்தது. புரிந்து என்ன செய்ய?

"நான்தாண்ணே..." என்று தொடங்கினான் தௌசிப்.

"ஓகே சொன்னது நானு. துடுப்பை எடு."

இருவரும் துடுப்பு போட்டார்கள். கை கடுத்ததுதான் மிச்சம். காற்று கூண்டையும் படகையும் சேர்த்து வந்த வழிக்கே தள்ளியது. அக்கரையில் பரிசல் வைத்திருப்பவர்களுக்குக் குரல் கொடுத்தார்கள். பரிசல் கூண்டை இழுக்காது என்று அவர்களுக்கும் தெரியும். வேடிக்கை பார்த்துவிட்டு, தங்கள் வலையைச் சுருட்டப் போய்விட்டார்கள்.

போன் அடித்தது. ரஹமத் பீவி.

"என்னங்க, ஏன் நின்னுட்டீங்க?"

"மோட்டார் போச்சு."

"சரி பண்ண முடியாதா?"

"முடியாது புள்ள."

ரஹமத் பீவி போனை வைக்கவில்லை. கரைக்காற்று போனுக்குள் இரைந்துகொண்டே இருந்தது.

முதலில் நாற்றம் வந்தது, சோப்புத்தூளையும் சாக்கடையையும் கலந்த மாதிரி. பிறகு மேற்கே தண்ணீர் வெளுத்தது. பஞ்சு மூட்டையை அவிழ்த்துவிட்டது போல நுரை மெதுவாக, அவசரமே இல்லாமல் வந்தது. கூண்டுக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

அதாவுல்லா கூண்டின் சட்டத்தில் ஏறிக் கத்தியால் வலையை ஒரு பக்கம் முழுக்க அறுத்துவிட்டுப் படகுக்குத் திரும்பினார். போகட்டும். ஓடைப் பக்கம் நீந்திப் போய்ப் பிழைக்கிறது பிழைக்கட்டும். எவன் வலையில் விழுந்தாலும் சரி.

மீன்கள் வெளியே வந்தன. வந்து, படகைச் சுற்றிக் கூடி நின்றன. பொரி மாதிரி மிதக்கும் தீவனத்தைத் தின்று வளர்ந்தவை அவை. குஞ்சாக விட்ட நாள் முதல் இந்தப் படகு வந்தால் தீனி வந்ததென்று அர்த்தம். அவர் முகத்துக்கு நேரே தலையைத் தூக்கி நின்றன.

"போங்க! ஏய், அந்தப் பக்கம் போங்க!"

துடுப்பால் தண்ணீரை ஓங்கி அடித்தார். கலைந்து ஓடின. நீர் அடங்கியதும் திரும்பி வந்தன. தௌசிப்பும் மறுபக்கம் அடித்தான். கலைந்தன, வந்தன. அதாவுல்லா தொண்டை கட்டும்வரை கத்தினார். நுரை படகின் மேற்குப் பக்கத்தைத் தொட்டு, இரண்டாகப் பிரிந்து, கூண்டைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது. அவர் அடித்துக்கொண்டே இருந்தார்.