ஊதாத் துணியில் மஞ்சள் தையல்

கிளை நூலகம் ஒன்றில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஆவிக் கதைகளுக்கென்றே அங்கே ஓர் அலமாரி உண்டு. அதிகம் கிழிந்து திரும்புவதும் அந்தப் புத்தகங்கள்தான். பசை தடவி ஒட்டி அடுக்கி வைப்பேனே தவிர, ஒன்றையும் நம்பிப் படித்ததில்லை. ஆகவே இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் சிரித்திருப்பேன்.

என் கணவர் தேர்வாய் கண்டிகையில் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். தகட்டை அடித்து வளைக்கும் இயந்திரங்கள் அங்கே வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் அச்சு இறங்கும், கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக. வேகம் வேண்டுமென்றால் ஒரு பட்டனை அழுத்தியபடியே துணியால் இறுக்கிவிடுவார்கள், ஒரு கை பட்டனில், மறு கை தகட்டில். ‘கட்டு போடுறது’ என்பார்கள்.

அங்கே வேலை செய்த ஸ்டெல்லா என் நூலகத்து வாசகி. ஷிப்டு முடிந்து சீருடையோடு வந்து, குடும்ப நாவல்களாக அள்ளிக்கொண்டு போவாள். சித்திரையில் ஒருநாள், கட்டு போட்ட இயந்திரத்தில் அவளுடைய இடக்கையின் இரண்டு விரல்கள் போயின. கட்டைப் போட்டது அவளேதான் என்று விசாரணையில் எழுதி, வேலையை விட்டும் அனுப்பிவிட்டார்கள்.

“அந்தப் பொண்ணே கட்டிக்கினு அதுவே மாட்டிக்கிச்சு. நான் அப்போ கேன்டீன்ல இருந்தேன்” என்றார் என் கணவர். இருபத்தோரு ஆண்டுகளில் அவர் சொல்லை நான் சோதித்துப் பார்த்ததில்லை. போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவர்தான் என்னை அனுப்பினார். மருத்துவமனையில் ஸ்டெல்லா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “நான் கட்டலக்கா” என்றாள். தப்பு எல்லாருக்கும் வரும், ஒத்துக்கொள் என்று நான்தான் ஆறுதல் சொன்னேன். அவள் முந்தானையை விட்டுவிட்டாள்.

பிறகு அவள் நூலகத்துக்கு வரவேயில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், இரண்டு நாவல்களைப் பையில் போட்டுக்கொண்டு அவள் வீட்டைத் தேடிப் போனேன். கும்மிடிப்பூண்டியில், மூடிக் கிடக்கும் இரும்பு ஆலைக்குப் பின்புறம் அவளுடைய லைன் வீடு. தனியாகப் போகாதே என்று எல்லோரும் எச்சரிக்கும் சந்து அது. உடைந்த பாட்டில்களைத் தாண்டித் தாண்டித்தான் நடக்க வேண்டும். அந்தச் சந்தில் ஆலையின் மதிற்சுவர் நெடுக அவ்வளவு அழகான ஓவியங்கள் இருக்குமென்று யார் எனக்குச் சொன்னார்கள்? ஹெல்மெட் அணிந்த பெண், சைக்கிளில் தூங்கும் ஆள், புகைபோக்கியில் கூடு கட்டிய காகம். ஒரு குழந்தையைப் போல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனவள், ஓரிடத்தில் நின்றுவிட்டேன்.

ஒரு பிரஸ் இயந்திரம். இரண்டு பச்சைப் பட்டன்கள். இடப்பக்கப் பட்டனை ஊதாத் துணியொன்று இறுக்கியிருந்தது. அந்தத் துணியில் மஞ்சள் நூலால் ஒரு தையல், கோணலாக, ஏழு இழை.

அது என் புடவை. இந்த வருடத் தைப் பொங்கலுக்கு முந்தின நாள் இஸ்திரிப் பெட்டி சுட்டுப் பொத்தலாகி, ஊதா நூல் இல்லாமல் மஞ்சளில் நானே இழையோட்டி, அப்படியும் உடுத்தப் பிடிக்காமல் கிழித்துப் போட்ட புடவை. கை துடைக்க ஆகும் என்று அதன் துண்டுகளைத் தொழிற்சாலைக்கு எடுத்துப் போனவர் என் கணவர்.

எதிரே டீக்கடை அம்மா சத்தம் போட்டார். “இன்னா மேடம், செவுத்தயே மொறைச்சிக்கினு கீற? உன் பேரு எழுதிக்கீதா அதுல?”

“இதை எப்பம்மா வரைஞ்சாங்க?”

“அது ஆச்சு மூணு வருசம். மெட்ராஸ்லருந்து காலேஜ் பசங்க வந்து வரைஞ்சிட்டு, என் கடையில பன்னு துன்னுட்டுப் போச்சுங்க.”

நான் நம்பவில்லை, நீங்களும் நம்ப வேண்டாம். ஆனால் வீட்டுக்குப் போனதும் ஸ்டெல்லா தன் கைப்பேசியில் ஒரு படம் காட்டினாள். அதே சுவரின் முன்னால், தலை நிற்காத தன் கைக்குழந்தையோடு அவள் நிற்கிறாள்; தோளுக்கு மேலே ஊதாத் துணியும் மஞ்சள் தையலும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தக் குழந்தை இப்போது எங்களைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தது.

“டெய்லி பாத்துக்கினேதான் போவேன். அந்த ஊதாவ ஏதோ பூவுன்னு நெனச்சேன்க்கா” என்றாள் ஸ்டெல்லா.

அன்று மாலை கணவருக்குத் தோசை வைத்துவிட்டு, சாதாரணமாகத்தான் சொன்னேன். “ஸ்டெல்லா வீட்டாண்ட சுவத்துல, பட்டனைத் துணியால கட்டின மாதிரி ஒரு படம் இருக்குங்க.”

அவர் கை நின்றது. “எவன்மே வரைஞ்சான்? மஞ்ச நூலு கூடத் தெரியுதா?”

நூலைப் பற்றி நான் வாய் திறந்திருக்கவில்லை. அது அவருக்கும் உறைத்தது. தட்டைத் தள்ளிவைத்தார். “எல்லா ஷிப்ட்லயும் கட்டு போடறதுதான். அன்னிக்கு நான் போட்டேன். என் பேரு வந்திருந்தா நம்ம நிலைமை இன்னா ஆவும், சொல்லு?”

பொய்யைவிட என்னைச் சுட்டது அவர் தேர்ந்தெடுத்த துணிதான். என்னுடையதைக் கொண்டு அவள் கையை அச்சுக்கடியில் வைத்துவிட்டு, பிறகு என்னையே அனுப்பி அவளிடம் ஒத்துக்கொள்ளச் சொல்ல வைத்திருக்கிறார்.

கேட்டதை ஒரு வரி விடாமல் எழுதி, கையெழுத்திட்டு, விசாரணை அதிகாரியிடம் கொடுத்தேன். சுவரைப் பற்றி எழுதவில்லை. எழுதினால் மற்றதையும் தள்ளியிருப்பார்கள். விசாரணை மறுபடி தொடங்கியிருக்கிறது. கணவர் கவரைப்பேட்டையில் தன் தம்பி வீட்டில் இருக்கிறார்.

இப்போது ஞாயிறுதோறும் ஸ்டெல்லாவைப் பார்க்கப் போகிறேன். சென்ற வாரம் அவள் சந்து முனையிலேயே காத்திருந்து, மூன்று விரல்களால் என் கையைப் பற்றி வேறு வழியாக அழைத்துப் போனாள். டீக்கடையின் பழைய தகரத்தை எடுத்துவிட்டார்களாம். அதற்குப் பின்னால் இருந்த சுவரில், அதே காலேஜ் பசங்கள் வரைந்த இன்னொரு படம் இருந்ததாம்.

“என்ன படம்?”

“வாணாங்க்கா, நீ பாக்காத.” சந்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “அண்ணன் வெள்ளிக்கெழம வந்தா கதவத் தொறக்காதக்கா.”

வெள்ளிக்கிழமை பேச வருவதாக என் கணவர் எனக்குச் செய்தி அனுப்பியிருந்தது உண்மை. அதை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை.