பக்கத்து வயலுக்கு இறங்கிய மண்

சென்ற வாரம் மழை கொட்டித் தீர்த்த மறுநாள் காலை, மாகறலிலிருந்து போன். பக்கத்து நிலத்துக்காரர் அமுதா.

“உங்க மண்ணு எங்க நாத்தங்கால்ல வந்து கெடக்குதும்மா. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?”

கோபமே இல்லாத குரல்.

மாகறலில் எங்களுக்கு ஒரு துண்டு மேட்டு நிலம் இருக்கிறது. மகோகனி வைக்கலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம். புதர், புல், பழைய வேர்... எல்லாவற்றையும் ஜேசிபி விட்டு வழித்தெடுத்தோம். பாதியில் வண்டி பழுதாகி நின்றது. டிரைவர் திரும்பி வரவே இல்லை. வேறு வழியின்றி, மீதி நிலத்தில் கன்று வைக்கும் இடத்தை மட்டும் கையால் வெட்டிக் குழி எடுத்தோம். சுற்றிலும் புல் அப்படியே நின்றது.

எந்தப் பாதியை போட்டோ எடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன் என்று நினைக்கிறீர்கள்? மொட்டையடித்த பாதியைத்தான்! அவ்வளவு சுத்தம். ‘பூமியைக் காப்போம்’ என்று ஒரு வரி வேறு.

காஞ்சிபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் ஓடினோம். புல் நின்ற பாதியில் கன்றுகள் அசையவில்லை. மொட்டைப் பாதியில்... மழைநீர் ஒரு சாண் ஆழத்துக்கு வாய்க்கால் வாய்க்காலாக அரித்திருந்தது. கன்றுகள் வேர் தெரியச் சாய்ந்து கிடந்தன. அந்த மேல்மண் முழுக்க வரப்பை உடைத்துக்கொண்டு இறங்கி, அமுதாவின் நாற்றங்காலை மூடியிருந்தது. நடவுக்குத் தயாராக இருந்த நாற்று. அங்கங்கே நுனி மட்டும் பச்சையாகத் தெரிந்தது.

“எங்க தப்புதான் அமுதா. புதுசா வெத நெல்லு வாங்கித் தர்றோம்” என்றேன்.

“வெத கெடைக்கும்மா. இனிமே வெதச்சி, எப்ப வளந்து, எப்ப நடறது? பருவம் போய்க்கினு இருக்குதே.”

என் கணவர் பேண்ட்டை மடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார். நானும் இறங்கினேன். மதியம்வரை மூவரும் மண்ணைக் கூடை கூடையாக அள்ளி மேலே கொட்டினோம். கால்வாசி நாற்றுதான் தேறியது.

மீதிக்கு, ஊரில் யாரிடமாவது நாற்று மிச்சமிருக்குமா என்று கேட்கப் போனார் அமுதா. நாங்களும் பின்னாலேயே போனோம். அலைந்து அலைந்து, கடைசியில் ஒரு வீட்டில் கிடைத்தது.

“ஏம்மா, உன் நாத்து நல்லாத்தானே இருந்துது? என்னாச்சு?” என்று கேட்டார் அந்த வீட்டு அம்மாள்.

அமுதா எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“மழையில பூடுச்சிக்கா.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ‘ஆமாம்’ என்று தலையாட்டினேன்.

மழையில் போகவில்லை, எங்களால் போனது. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் வந்து, இங்கே எழுதுகிறேன் — அந்த வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்களா என்றுகூடத் தெரியாமல்.