ஏழு மில்லிமீட்டர்

எலிக்கூண்டு கழுவுகிறவனுக்கு விஞ்ஞானம் எதற்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். பதினெட்டு வருடம் அந்த ஆய்வகத்தில் கூண்டு கழுவியவன் நான். யார் எப்படிப்பட்டவர் என்று எனக்குத் தெரியும்.

அந்த ஆராய்ச்சி மாணவியை நாங்கள் ‘காது’ என்றுதான் கூப்பிடுவோம். இடப்பக்கம் எழும் சத்தம் இடக்காதில் சற்று முன்னால் விழும், வலக்காதில் சற்றுப் பின்னால். அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறதாம். அந்த வேலையைச் செய்யும் நரம்பணுக்களை எலிகளின் மூளையில் ஆறு வருடம் தேடினாள். அவளுடைய அப்பா பஸ் டிரைவர். பட்டம் வருவதற்கு முன்பே டிப்போ முழுக்க ‘என் பொண்ணு டாக்டர்’ என்று சொல்லி வைத்துவிட்டார், பாவம்.

எலியின் காதுகளுக்கு இரண்டு மெல்லிய குழாய்கள் வழியாகச் சத்தம் போகும். இரண்டாம் வருடம் வலப்பக்கக் குழாய் விரிசல் விட்டது. அவள் வகுப்புக்குப் போயிருந்தாள். அவளுக்கு வழிகாட்டியான பேராசிரியர் என்னிடம் கத்தரிக்கோல் வாங்கி, புதுக் குழாயைக் கண்ணளவில் வெட்டிப் பொருத்தினார். அவள் திரும்பி வந்ததும் அதை நானே சொன்னேன். அதன்பின் தினமும் சத்தத்தின் அளவைச் சரிபார்த்தார்கள். குழாயின் நீளத்தை யாரும் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எல்லா எலிகளிலும் ஒரே அதிசயம், நரம்பணுக்கள் எல்லாம் ஒரு பக்கத்துச் சத்தத்துக்கே சாய்ந்தன. மூளை பிறவியிலேயே ஒரு பக்கம் சாய்ந்தது என்று பேராசிரியர் கட்டுரை வெளியிட்டார். இயக்குநர் பதவிக்கு அவர் பெயர் அடிபட ஆரம்பித்தது.

ஆய்வேட்டைக் கொடுக்க மூன்று வாரம் இருந்தபோது அவள் குழாய்களைக் கழற்றிக் கழுவினாள். ஒன்று மற்றதைவிட ஏழு மில்லிமீட்டர் நீளம். அந்த ஏழு மில்லிமீட்டரைக் கடக்கச் சத்தத்துக்கு ஆகும் நேரம்தான் அவர்கள் கண்ட அதிசயம். எலியின் மூளையில் ஒரு சாய்வும் இல்லை.

“யாரு அளந்து பாக்கப் போறா? முதல்ல பட்டத்த வாங்கு” என்றார் பேராசிரியர்.

“தப்புன்னு தெரிஞ்சப்புறம் எப்படி சார் கையெழுத்துப் போடுறது?”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுக்கிறாள் என்று கூடப் படித்தவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் அந்தக் கட்டுரை வந்த ஆய்விதழுக்கு உண்மையை எழுதிவிட்டாள்.

விசாரணை வந்தது. குழாயை வெட்டியது மாணவிதான் என்று அந்த மனிதர் கூசாமல் சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். அவள் என்னைக் கேட்கச் சொன்னாள். என்னைக் கூப்பிட்டார்கள். எதிர் நாற்காலியில் அவர் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஞாபகம் இல்லைங்க” என்றேன்.

மாணவியின் கவனக்குறைவு என்று எழுதிக் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். அவளை நீக்கினார்கள். தவறை நேர்மையோடு ஒப்புக்கொண்டதற்காகப் பேராசிரியருக்குப் பாராட்டு, அடுத்த மாதமே இயக்குநர் நாற்காலி. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. என்னை நினைத்தால் எனக்கே காறித் துப்பத் தோன்றுகிறது.

கடைசி நாள், அறையைக் காலிசெய்ய அவளுடைய அப்பா வந்திருந்தார். மகளைப் பார்த்துக்கொண்டதற்கு என்னிடம் நன்றி வேறு சொன்னார். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்கியதும் அவள் என் பக்கம் வந்தாள்.

“ஏன்ணா சொல்லல?”

“பயமா இருந்துச்சும்மா.”

“எனக்கும்தாண்ணா பயமா இருந்துச்சு” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.