வெறும் ஸ்லைடும் பழுப்பு

என் தம்பியை ஆய்வகத்தில் எல்லோரும் வெங்காயத்தோல் என்றுதான் கூப்பிடுவார்கள். மெழுகில் புதைத்த திசுவை அவன் அவ்வளவு மெல்லிசாகச் சீவுவான். பதினாறு வருஷமாக அதே வேலை. நான் அங்கேயே கண்ணாடிப் பாத்திரங்கள் கழுவுகிறேன். அவன் என் தம்பி என்று புதிதாக வருபவர்களிடம் நானே சொல்லிவிடுவேன்.

ஒரு தடவை வந்த மெழுகுக் கட்டியில், சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒன்று இருந்தது. வயிற்றிலேயே இறந்துபோன குழந்தையுடையது. பெற்றோர் ஆராய்ச்சிக்குக் கொடுத்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். வளரும் சுரப்பியில் ஒரு ஹார்மோன் வந்து ஒட்டும் இடங்களை, அதாவது ஏற்பிகளை, ஆய்வகத்தை நடத்தும் டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். ஏற்பி உள்ள இடம் சாயமேற்றினால் பழுப்பாகத் தெரியும்.

தம்பியின் ஸ்லைடில் சுரப்பியின் உள்பகுதி முழுக்கப் பழுப்பு. டாக்டரம்மா அன்றே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும்.

தம்பி ஒரு தப்பு செய்திருந்தான். ஏற்பியைப் பிடிக்கும் மருந்தை மட்டும் சேர்க்காமல் ஒரு வெறும் ஸ்லைடு போட வேண்டும். அது வெளுப்பாக இருந்தால்தான் மற்றதை நம்பலாம். திசு மிச்சமாகட்டும் என்று அதை விட்டுவிட்டான். வியாழக்கிழமை மனசு கேட்காமல் போட்டுப் பார்த்தான். அதுவும் பழுப்பு.

வெள்ளிக்கிழமை காலை என்னிடம் வந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அக்கா, அது ஏற்பியே இல்ல. சுரப்பியிலயே இருக்கிற பயோட்டின்ங்கிற வைட்டமின் சாயத்தப் பிடிச்சிருக்கு."

"டாக்டரம்மாகிட்ட சொன்னியா?"

"சொன்னா தோலை உரிச்சிடுவாங்க."

"உன் பேரே தோல்தானடா. போய்ச் சொல்லு."

சொன்னான். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கட்டியில இன்னும் எத்தனை சீவல் வரும்?"

"நல்லா வந்தா நாலு, மேடம்."

"வரலேன்னா?"

தம்பி கட்டியை எடுத்துக்கொண்டு சீவும் இயந்திரத்துக்குப் போனான்.

சீவல் பறக்காதபடி நான் மின்விசிறியை நிறுத்தினேன், சத்தம் வேண்டாமென்று குழாயையும் மூடினேன். முதல் சீவல் சுருண்டது. இரண்டாவது நடுவில் கிழிந்தது. தம்பி பிளேடை மாற்றி, கட்டியைப் பனிக்கட்டி மேல் பத்து நிமிஷம் வைத்தான்.

"கடிகாரத்தைப் பாக்காதீங்க மேடம். என் கை அவசரப்படுது."

டாக்டரம்மா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்.

மூன்றாவதும் நான்காவதும் ஒன்றோடொன்று ஒட்டியபடியே வந்து, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சுருக்கமில்லாமல் விரிந்தன. இந்தத் தடவை பயோட்டின் சாயத்தைப் பிடிக்காதபடி அதை முதலிலேயே அடைத்துவிட்டுத்தான் சாயமேற்றினான்.

மூன்றே முக்கால் மணிக்கு டாக்டரம்மா நுண்ணோக்கி மேல் குனிந்தார். வெறும் ஸ்லைடு வெளுப்பு. மற்றதிலும் உள்பகுதி வெளுப்புதான். வெளி ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய பழுப்பு வளையம்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான், மேடம்."

அவர் கட்டுரையில் ஒரு பக்கம் முழுவதையும் அழித்துவிட்டு மூன்று வரி எழுதினார். தம்பி அதை இரண்டு தரம் படித்தான்.

"மேடம், 'பொதுவாக'ன்னு போட்டிருக்கீங்க. நாம பாத்தது ஒரு சுரப்பிதானே?"

டாக்டரம்மா அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு அந்தச் சொல்லையும் அழித்தார்.